தகரம் அடித்தால் வருவார்கள்

எங்கள் லயத்தில் திருட்டு ஒழிந்த கதையை யாரைக் கேட்டாலும் பெருமையாகத்தான் சொல்வார்கள். யட்டவத்தைப் பக்கம் பொலிஸ்காரர்கள் கூட்டம் போட்டால் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்களாம். நானும் அந்த லயத்தில்தான் இருக்கிறேன். நான் சொன்னால் கொஞ்சம் வேறு மாதிரி வரும். எனக்கு நாக்கில் விஷம் என்று என் மாமியார் கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீடுகளை இருந்தவர்களுக்கே விட்டுவிட்டார்கள். ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள், பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் நிலம். அதில் மிளகு, பாக்கு, வாழை. வீடுகளைப் பிரிக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் மணக்கும். நான் வீட்டிலேயே தைக்கிறவள். என் மெஷின் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அந்த வீட்டில் பிள்ளையில்லாத புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவள் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். அவனை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சாமான் விலை தலைக்குமேல் ஏறிய காலத்தில் திருட்டும் ஏறியது. மிளகு பழுக்கிறவரை எவனும் காத்திருக்கவில்லை. பச்சையாகவே கொடியோடு இழுத்துக்கொண்டு போனார்கள். கோழி போனது, தண்ணீர் மோட்டர் போனது, கேஸ் சிலிண்டர் போனது. என் வீட்டில் அடுப்பிலிருந்த பானையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சோறு அவன் தொண்டையில் சிக்கட்டும் என்று வாசலில் நின்று நான் சாபம் விட்டது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. எழுதியதோடு சரி.

அப்போதுதான் கோயில் முற்றத்தில் எல்லாரும் கூடினோம். பக்கத்து வீட்டுக்காரன்தான் எழுந்து நின்று பேசினான். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். லொறி ஓட்டுகிறவன். நாலு ஊர் பார்த்தவன் என்று அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவன் பேச்சில் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனைக் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். லயத்து முனையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவரைச் செயலாளராக்கினார்கள். அவரை நாங்கள் எல்லாரும் நானா என்போம்.

தகரம் அவனுடைய யோசனை. பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வெட்டி வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தான். அதை வாசல் தூணில் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஆணியில் ஒரு இரும்புக் கம்பி. ஆபத்து என்றால் கம்பியால் தகரத்தை அடிக்க வேண்டும். கேட்டவர்கள் தங்கள் தகரத்தை அடித்துவிட்டு ஓடி வர வேண்டும். வராத வீட்டுக்காரர்களும், சும்மா அடித்தவர்களும் லயத்துச் சாக்கடைக் கானைத் தனியாக இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொரு சட்டமும் போட்டான்.

“ஆள் ஓடினா மொதல்ல கால்ல போடுங்க. பேரு ஊரெல்லாம் பொறகு கேட்டுக்கலாம். மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா அவன் ஓடிருவான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பானை போன கோபம்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் சிரமதானம் நடந்தது. புல்லை வெட்டினார்கள். லயத்து ஓரம் போகிற கானைத் தோண்டி ஆழமாக்கிக் கல் பதித்தார்கள். பாதை முனையில் விளக்குப் போட்டார்கள். மூன்று பாஷையிலும் ஒரு போர்டு வைத்தார்கள். சிங்களத்தில் எழுதியது சரியா என்று பார்க்கப் பல்லேபொலவிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். பாக்குக் குலையோடு பிடிபட்ட வெளியூர்க்காரன் ஒருவனை இரண்டு காலிலும் அடித்துப் பொலிஸில் கொடுத்தார்கள். அன்றைக்கு நானா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினார். நான் வடை சுட்டேன். அந்த ஆள் பாதையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான், யாரும் கொடுக்கவில்லை. அதன் பிறகு எங்கள் பக்கம் கள்ளன் எட்டிப் பார்க்கவில்லை.

திருட்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது நிற்கவில்லை.

அது கூட்டத்துக்கு முன்னாலும் நடந்ததுதான். அவன் லொறியில் போய் வருகிற நாட்களில் அவளுக்கு நிம்மதி. வீட்டில் நின்றால் எதற்கும் அடி. கறியில் உப்பு, கதவு திறக்கப் பிந்தியது, பிள்ளை இல்லாதது. நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். முதலில் அவன் குரல், பிறகு சாமான் உருள்கிற சத்தம், பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். சிலநேரம் நான் கத்தரிக்கோலால் சுவரைத் தட்டுவேன். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தொடங்கும். மறுநாள் கூட்டத்தில் அவன் எழுந்து, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் நடமாடுகிற லயமாக இதை ஆக்க வேண்டும் என்று பேசுவான். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை அரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அவள் தகரத்தை அடித்தாள்.

எல்லா வீட்டிலும் தகரம் முழங்கியது. ஆண்கள் பொல்லுத் தடிகளோடு ஓடி வந்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. வந்து பார்த்தால் கள்ளன் இல்லை. உதடு கிழிந்து ரத்தம் வழிய அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே சாரத்தைக் கட்டிக்கொண்டு தலைவர் நிற்கிறார். ஓடி வந்தவர்கள் பொல்லைக் கீழே விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது.

“எங்கடா கள்ளன்?” என்று பின்னால் வந்த ஒருவர் கேட்டார்.

“கள்ளன் இல்லீங்க. என்னைய கொல்லப் பாக்குறாரு,” என்றாள் அவள்.

நானா முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனவர். அவர் குரலைத் தாழ்த்தி, புத்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

“இது ஊட்டு விசயம் புள்ள. எங்களுக்கு இதுல தல போட ஏலா. தகரம் ஈக்கிறது கள்ளனுக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நானா, வெளிய இருந்து வந்து அடிச்சாத்தான் கள்ளனா? உள்ளுக்கு இருந்து அடிச்சா அவருக்கு வேற பேரா?” என்று கேட்டேன்.

“நீ சும்மா இரு,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் என்னை அதட்டுவதே அபூர்வம். நாலு பேர் முன்னால் அதட்டியதில் அவருக்கே கொஞ்சம் சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே முடிவு செய்தார்கள். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தலைவனே பெருந்தன்மையாகச் சொன்னான். சும்மா தகரம் அடித்ததற்காக அவள் கானில் இறங்க வேண்டும். அவள் வீட்டுக் கம்பியை ஆணியிலிருந்து எடுத்து, இனி அவள் கைக்கு எட்டக் கூடாது என்று அவன் கையிலேயே கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் உதட்டில் வீக்கத்தோடு அவள் கானில் நின்று சேற்றை வாரினாள். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பாவம் என்றார்கள். கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்றும் சொன்னார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தனியாகச் செய்யத்தான் சட்டம் என்று மேலே இருந்து ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். ஒரு மண்வெட்டிச் சேற்றை அந்த ஒருத்தியின் காலடியில் போட்டேன். அதன் பிறகு அவளுக்குச் சட்டம் மறந்துவிட்டது.

அந்த வாரமே கம்பியின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. கையால் அடிக்கிற சத்தம் வேறு, இது வேறு. நான் கத்தரிக்கோலால் தட்டியது அவனுக்குக் கேட்கவே இல்லை. அடுத்த நாள் பின்பக்கம் துணி காயப்போட வந்தவளின் கையைப் பிடித்துப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கம்பியின் தடம் கன்றிப் போயிருந்தது.

“பொலிசுக்குப் போவம், வா. நான் வாறேன்,” என்றேன்.

“போனா அவருக்குத்தான் கதிரை போடுவாங்க அக்கா. நான் நிக்கணும்,” என்றாள். அழவில்லை. தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் தாய் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. வில்கமுவையில் இருக்கிற அண்ணன் ஒருமுறை வந்து, அத்தானுக்கு ஊரில் நல்ல பேர், அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டு, அவனோடு உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனவன். அவளுக்குப் போக இடமில்லை. இருக்கிற இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். கன்றிப்போன அந்தக் கையால் துணியை உதறி உதறிக் காயப்போட்டாள்.

பிறகு கரண்ட் வெட்டுகிற காலம் வந்தது. பொழுது சாய்கிற நேரம் பார்த்து வெட்டுவார்கள். நாங்கள் பெருமையாகப் போட்ட முனை விளக்கும் அணைந்துவிடும். ஆண்கள் கடையடியில் கூடி அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கள்ளனுக்கு வசதியான காலம் என்று தலைவன் எல்லாரையும் பொல்லோடுதான் இருக்கச் சொல்லியிருந்தான்.

அன்றைக்குத் தூறல். நான் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கியது. அவன் குரல், பாத்திரம், கம்பி. பிறகு பின்கதவு திறந்தது. ஈரத்தில் ஓடுகிற கால் சத்தம் லயத்தைச் சுற்றி வந்து என் வாசலில் நின்றது. என் தகரம் முழங்கியது. அவள் தன் தகரத்துக்குப் போகவில்லை, அதற்குத்தான் கம்பியில்லையே. என் தூணில் தொங்கிய என் கம்பியை எடுத்து அடித்தாள். அடித்துக்கொண்டே கத்தினாள்.

“கள்ளன்! கள்ளன் ஓடுறான்! ஓடி வாங்க!”

அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். லயம் முழுக்கத் தகரம் அதிர்ந்தது. கடையடியிலிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். அவன் முன்கதவால் அவளைத் துரத்திக்கொண்டு கம்பியும் கையுமாகப் பாதையில் இறங்கினான். இருட்டில் கையில் இரும்போடு ஓடுகிற ஒரு உருவம். அவன் போட்ட சட்டத்தை யாரும் மறக்கவில்லை. மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, முதலில் காலில் போட்டார்கள்.

“டேய், நான்தான்டா! நான்தான்டா!” என்று கத்தினான். பாக்குக் குலையோடு பிடிபட்டவனும் ஏதோ இப்படித்தான் கத்தினான். பொல்லு விழுந்துகொண்டே இருந்தது. நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காற்றில் அது அணைந்தது. தீப்பெட்டி உள்ளே இருந்தது. போய் எடுத்து வந்து ஏற்றலாம். அவள் என் தூணில் சாய்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நான் உள்ளே போகவில்லை, அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஓய்ந்த பிறகு நானாதான் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். “யா அல்லாஹ், தலைவர்!” என்றார். அவன் கானுக்குள் பாதி, வெளியே பாதி கிடந்தான்.

எங்கள் லயத்தின் ஒற்றுமையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொலிஸ் வந்து கேட்டபோது எல்லா வீட்டிலும் ஒரே கதை. கள்ளன் வந்தான், தலைவர் துரத்தினார், இருட்டில் கானுக்குள் விழுந்தார், கள்ளன் தப்பிவிட்டான். ஒரு சொல் கூட்டிக் குறைக்காமல் எல்லாரும் சொன்னார்கள். கானை ஆழமாகத் தோண்டியது தப்பாகப் போய்விட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டுக்கூடச் சொன்னார். அவனும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அதையே சொன்னான். வேறென்ன சொல்வான்? கம்பியோடு யாரைத் துரத்திக்கொண்டு வந்தான் என்று அடுத்த கேள்வி வருமே.

அன்றைக்கு வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

“ரெண்டாவது சத்தத்துலயே எனக்கு ஆள் தெரிஞ்சிருச்சி,” என்றார்.

“பொறகு ஏங்க நிறுத்தல?”

“யாரும் நிறுத்தல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்.” மறுபடி செம்பை எடுத்துக் கையில் தண்ணீர் ஊற்றினார். “ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம எங்கள நிக்கவச்சிப் பேசுனான் பாரு, அது ஞாபகம் வந்துச்சி. கை நிக்கல.”

அவளுக்காக அடித்தேன் என்று அவர் சொல்வார் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளை நினைத்து ஒருவரும் ஒரு அடியும் அடிக்கவில்லை.

அவனுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம், சர்க்கரை நோய். புண் ஆறவில்லை. ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள், மற்றக் கால் நீட்டியபடி விறைத்துப் போனது. குழு சார்பில் ஒரு கூடை பழம் கொண்டுபோய்க் கொடுத்து, படம் எடுத்து, அதைப் போனில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட அன்றைக்கு வாசலில் கூட்டம். அடுத்த வாரம் வாசலில் ஒருவரும் இல்லை.

பின்பக்கம் துணி காயப்போடும்போது நான் அவளிடம் நேராகவே கேட்டேன். “இருட்டுல கள்ளன்னு நெனச்சியா, தெரிஞ்சே கத்துனியா?”

அவள் துணியைப் பிழிந்தாள். “என்னைய கொல்றாருன்னு சொன்னேன், திரும்பிப் போனாங்க. கள்ளன்னு சொன்னாத்தானே வாறாங்க அக்கா,” என்றாள். பிழிந்த துணி அவனுடைய சாரம். நன்றாக வெளுத்து, நீலம் போட்டிருந்தாள்.

அவள் மாத்தளையில் ஒரு வாசனைச் சாமான் களஞ்சியத்தில் மிளகு புடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். காலை பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். போவதற்கு முன் அவனைக் கழுவி, துடைத்து, சோற்றை எட்டுகிற இடத்தில் வைப்பாள். ஒரு குறை வைக்க மாட்டாள். அவனோடு மரியாதையாகத்தான் பேசுவாள். பிறகு வெளியே வந்து கதவைப் பூட்டுவாள். முதல்நாள் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கள்ளர் பயம் அக்கா,” என்றாள். சிரிக்கவில்லை.

வாசல் தூணிலிருந்த தகரத்தையும் அவள்தான் கழற்றி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு மேலே கட்டினாள். கம்பியை அவன் கையில் கொடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஏதாச்சும்னா இத அடிங்க. ஆளுங்க ஓடி வருவாங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

அவன் அடித்தான். தண்ணீர்ச் செம்பு உருண்டால் அடித்தான். பாயை நனைத்துவிட்டால் அடித்தான். கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து எழும்ப முடியாமல் நாள் முழுக்க அடித்திருக்கிறான். தொடக்கத்தில் ஓரிரு வீட்டில் பதிலுக்குத் தகரம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஒருமுறை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சாவி இருந்திருந்தாலும் போயிருப்பாரா என்று தெரியாது. தாங்கள் கானில் போட்டு அடித்த ஆளின் முகத்தைப் பகலில் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. நானா கடையில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்த மாதிரி சொன்னால் அது பொய். அந்தச் சத்தத்தில் மெஷினை மிதிக்க எனக்குக் கால் இன்னும் நன்றாக ஓடியது.

குழு இப்போதும் இருக்கிறது. நானாதான் தலைவர். சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு சோடி குடிவந்தது. மணப்பெண் சின்னப் பிள்ளை, பார்த்தாலே பயந்த சுபாவம். குடிவந்த அன்றைக்கே நானா தகரமும் கம்பியும் கொடுத்துச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். சட்டைக்கு அளவு கொடுக்க என்னிடம் வந்திருந்தாள். நான் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மேல்கையில் நாடாவை வைத்தபோது வலித்ததுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். விரல் பதிந்த மாதிரி நாலு கறுப்பு இருந்தது. கேட்கலாமா என்று நான் யோசிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தகரத்தை அடிக்கத் தொடங்கினான்.

அவள் திடுக்கிட்டு வாசலுக்கு ஓடினாள். என் கம்பியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அக்கா, தகரம் கேக்குது! அடிக்கணும்னு சொன்னாங்களே?”

“வையி அத. அது ஊட்டு விசயம், புள்ள,” என்றேன். “நம்மளுக்கு அதுல தல போட ஏலாது.”

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தி, புத்தி சொல்கிற மாதிரி, அதே போலச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, பூட்டிய கதவைப் பார்த்தது. உள்ளே அடித்துக்கொண்டே இருந்தான். பிறகு அவள் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

“சரிங்க அக்கா,” என்றாள்.